சீதனப் பெட்டியில் ஒரு பாஸ்வேர்டு

தலாஸ் நகரத்தில் யாருடைய கணினி முரண்டு பிடித்தாலும் முதலில் திட்டு வாங்குவது கணினி இல்லை, அனார்குல்தான். பஜாரில் வெங்காயம் வாங்கிக்கொண்டு நிற்பாள்; எதிரே வருகிறவர் சலாம் சொல்வதற்கு முன்பே, "அனார் எஜே, நீங்க போட்டது மறுபடி மக்கர் பண்ணுது" என்பார். எஜே என்றால் எங்களுக்கு அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு அவள் அக்கா, மீதிப் பேருக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரியாது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு, பஜாருக்குப் பின்னால் சாவி செய்கிறவனுக்கும் செருப்பு தைக்கிறவனுக்கும் நடுவில் ஒரு பொந்து பிடித்துக் கடை போட்டாள். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன். போன இடத்தில் வேலையும் கிடைத்தது, வேறொருத்தியும் கிடைத்தாள். பெண் பெகாயிமை அனார்குல் தனியாளாகத்தான் வளர்த்தாள்.

கடை போட்ட புதிதில் அவளும் எல்லாரையும்போலத் திருட்டுச் சரக்குதான் போட்டாள். எழுதவும் கணக்குப் போடவும் உதவும் ஆபீஸ் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவனை அப்போது ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள். பிறகு ஒரு அறுவடைக் காலத்தில் பீன்ஸ் வியாபாரி ஜோல்தோஷின் கணினியில் அந்தத் திருட்டுப் பிரதியோடு ஏதோ ஒரு கிருமியும் வந்து புகுந்துகொண்டு, துருக்கிக்காரர்களோடு அவன் போட்டிருந்த ஒப்பந்தங்கள் அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டது. ஜோல்தோஷ் அவளைத் திட்டக்கூட இல்லை. கிடங்கு வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான். மீசை வைத்த ஆம்பிளை அழுததைப் பார்த்தபிறகு அனார்குல் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள்.

"இனிமே திருட்டு வேணாம். வருஷச் சந்தா கட்டி முறையா வாங்குவோம். எல்லாரையும் ஒரே கணக்குல நான் சேத்துடறேன். பிரச்சினைன்னா நீங்க என்னைக் கேளுங்க, நான் பொறுப்பு."

"கையில பிடிக்க முடியாத சாமானுக்கு வருஷா வருஷம் வாடகையா? எஜே, அடுத்து காத்துக்கும் வாங்குவீங்களா?" என்று ஜோல்தோஷே கிண்டல் செய்தான். ஆனாலும் முதலில் சேர்ந்தவன் அவன்தான். அப்புறம் பள்ளிக்கூடம், பல் டாக்டர், நோட்டரி, விதைக்கடை என்று ஊரில் பாதி அலுவலகங்கள் அவள் கணக்குக்குள் வந்தன. சந்தா கட்ட வழியில்லாத நூலகத்தையும் அவள் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த "நான் பொறுப்பு" என்ற சொல்தான் அவளுடைய முதல். கடையில் வேறு என்ன இருந்தது? நாலு ஸ்குரூ டிரைவரும் ஒரு கெட்டிலும்தான்.

சந்தா என்று வந்துவிட்டால் அதற்கென்று தனிச் சீக்குகளும் வரும். ஒருநாள் காலையில் மேலே சிவப்பாக ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொண்டு, 'இது உரிமம் இல்லாத பிரதி' என்று சொல்லும். கோப்பைத் திறந்து படிக்கலாம். ஒரு எழுத்துத் தட்ட முடியாது. உரியவன் குதிகுதியென்று குதிப்பான். அனார்குல் பதற மாட்டாள். முதலில் கணினியின் மணியையும் தேதியையும் பார்ப்பாள். எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தால் கணினி ஏதோ பழைய வருஷத்தில் கண் விழிக்கும். அந்த வருஷத்தில் யார் சந்தா கட்டினார்கள்? அதனால் ஒப்புக்கொள்ளாது. மணி சரியாக இருந்தால், எந்த ஆளின் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பார்ப்பாள். முதலாளியின் மகன் விளையாட்டுக்காகத் தன் பெயரில் நுழைந்து அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான். அதுவும் இல்லையென்றால் பழைய திருட்டுப் பிரதியின் சாவி எங்காவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, வெளியேறி, மறுபடி நுழைந்தால் பட்டை போய்விடும். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வருவாள்.

எல்லாருக்கும் அவள் ஒரு புத்தி சொல்வாள்: "நிர்வாகி சாவியை ஒரே ஒரு ஆளு கையில வெச்சுக்குங்க. ரெண்டு பேருகிட்ட இருந்தா சண்டைதான்." நிர்வாகி என்றால், யாருக்கு உரிமம் கொடுக்கலாம், யாரிடமிருந்து எடுக்கலாம் என்று முடிவு செய்கிற ஆள். ஊரின் அந்தச் சாவி அவளிடம் மட்டுமே இருந்தது, பெகாயிமுக்குக் கல்யாணம் ஆகும்வரை.

ஆற்றுக்கு அக்கரையில் ஆடு மாடு குதிரை என்று வசதியான வீடு. மாப்பிள்ளை எர்மெக் கணினி படித்தவன், சாதுவான பையன். பெண்ணை அனுப்பும்போது எங்களிடம் சீதனப் பெட்டி உண்டு. மெத்தை, கம்பளம், தலையணை எல்லாம் அடுக்கி அனுப்ப வேண்டும். சம்பந்தி வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, மெத்தையைத் தட்டிப் பார்த்து, கம்பளியா பஞ்சா என்று கிள்ளிப் பார்த்து, வாய் ஓயாமல் விமரிசனம் செய்வார்கள். அனார்குல்லிடம் ஆடு ஏது, கம்பளி ஏது? அண்டைவீட்டுப் பெண்கள் கூடித் தைத்துக் கொடுத்த மெத்தைகளை வைத்தாள். பெட்டி பாதிதான் நிறைந்தது. தாய்க்கு மானம் போனது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெகாயிமைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கணினி முன்னால் உட்கார வைத்து, அவளை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்தாள்.

"மெத்தை கிழிஞ்சு போகும்டி. இது கிழியாது. இதுதான் உன் சீதனம். நாளைக்கு எனக்குக் கண்ணு தெரியாமப் போனா நீ பாத்துக்கோ."

பெகாயிம் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது நிஜமாகத்தான் இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தியை அனார்குல் தன் வீட்டு வாசலிலேயே மறந்தாள், அவ்வளவுதான். பெற்ற பெண்ணிடம் சாவியைக் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது?

இரண்டு அறுவடை கழிந்தது. மூன்றாவது அறுவடையில், தெருவெல்லாம் தார்ப்பாய் விரித்து வெள்ளை பீன்ஸ் காயப்போட்டிருந்த சமயத்தில், ஜோல்தோஷிடமிருந்து போன் வந்தது.

"எஜே, சிவப்புப் பட்டை. வாசல்ல துருக்கி லாரி நிக்குது. ரசீது அடிக்காம நகர மாட்டேங்கறான். பறந்து வாங்க."

அனார்குல் போனாள். மணி பார்த்தாள், சரியாக இருந்தது. ஆள் பார்த்தாள், சரியான ஆள்தான் உள்ளே நுழைந்திருந்தான். பழைய சாவி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வெளியேறி மறுபடி நுழைந்தாள். 'இந்தக் கணக்குக்கு உரிமம் இல்லை' என்றது. அவள் அங்கே குனிந்துகொண்டிருக்கும்போதே பல் டாக்டர் கூப்பிட்டார். அவரிடம் ஓடினாள். அங்கே இருக்கும்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊரில் அவள் போட்ட கணினிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றிலும் அவள் முதலில் மணியைத்தான் பார்த்தாள். நாலாவது இடத்திலும் பார்த்தாள், ஐந்தாவது இடத்திலும் பார்த்தாள். நோட்டரியின் உதவியாள் பொறுமை இழந்து, "எஜே, சுவத்துல பெரிய கடிகாரம் இருக்கு, மணி தெரியணும்னா அதைப் பாருங்க" என்று குத்தினாள்.

நூலகத்தில் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே இணைய இணைப்புக் கம்பி அறுந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெளி உலகத்தில் என்ன நடக்கிறதென்று அந்தக் கணினிக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் அனார்குல்லுக்கு விளங்கிவிட்டது. கணினிகளில் கோளாறு இல்லை. மேலே, கணக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கடைக்கு ஓடி வந்து நிர்வாகிப் பக்கத்தைத் திறந்தாள். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. தன் வீட்டுக் கதவைத் தட்டி, யார் நீ என்று உள்ளிருந்து கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சந்தா விற்கிற கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தேன் தடவிய ரஷ்ய மொழியில் பேசினான்.

"அம்மா, நீங்க சாதாரண உறுப்பினர். உங்க நிர்வாகியைக் கேளுங்க."

"நிர்வாகியே நான்தாம்பா."

"இங்க அப்படி இல்லீங்களே."

"அப்ப யாரு?"

"அதை நாங்க சொல்லக் கூடாதும்மா. உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"என் பாதுகாப்புக்காக என்னையே வெளிய தள்ளிட்டியா? நல்லா இருப்படா" என்று போனை வைத்தாள்.

அந்தச் சாவி உலகத்தில் இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒன்று அவள். இன்னொன்று யார் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் அவள் மனசு நகர மறுத்தது. பெகாயிமின் பாஸ்வேர்டை எவனோ களவாடியிருக்கிறான், பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, உடனே எச்சரிக்க வேண்டும் என்றுதான் பதறினாள். போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி வந்தது: 'வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்.' மருமகளாகப் போன வீட்டில் வேலைக்கா பஞ்சம் என்று அவளுக்காகத் தாயே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஜோல்தோஷ் கடைக்கே வந்தான். எப்போதும் வாசலிலிருந்தே கேலி பேசிக்கொண்டு வருகிறவன், அன்று ஒன்றும் பேசாமல் போனை நீட்டினான். அவள் கணக்கில் இருந்த எல்லாருக்கும் வந்திருந்த செய்தி. 'உங்கள் கணினிகளில் இதுவரை போடப்பட்டிருந்தது முறையான பிரதி அல்ல. அதனால்தான் நின்றுவிட்டது. அசல் பிரதிக்கு எங்களை அணுகவும்.' கீழே ஒரு புதுக் கம்பெனியின் பெயர், ஒரு எண்.

"கூப்பிட்டுப் பாத்தேன் எஜே. எடுத்தது உங்க மாப்பிள்ளை."

அனார்குல் அந்த எண்ணை மறுபடி ஒருதடவை படித்தாள்.

"நான் உங்களைக் கேக்க வரல. ஊரே கேக்குது. டீச்சர் இத்தனை வருஷமா சந்தான்னு வாங்கிட்டுத் திருட்டுச் சரக்கைத்தான் போட்டாங்களான்னு பஜார்ல ஒவ்வொருத்தனும் கேக்கறான். சொந்த மாப்பிள்ளையே சொல்றான்னா சும்மாவா சொல்லுவான்? என்னைய நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டீங்களா எஜே?"

"நீ என்ன நினைக்கறே?"

"எனக்கு என்ன தெரியும்? எனக்குப் பீன்ஸ் தெரியும். லாரிக்காரன் இன்னிக்கு சாயங்காலம்வரைக்கும்தான் நிப்பான். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க."

அவன் போனதும் அனார்குல் கடையைச் சாத்தினாள். பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவன் அரத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். அக்கரைக்குப் போகிற ஷேர் டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் சம்பந்தியம்மா ஷாரிபாவை மனசுக்குள் நாறடித்துக்கொண்டே போனாள். இது அந்தப் பொம்பளை வேலைதான். சீதனப் பெட்டியைத் திறந்தபோது உதட்டைச் சுழித்த பொம்பளை. பாதிப் பெட்டிக்குப் பதிலாகக் கடையையே சுருட்டிக்கொண்டாள். வாயில்லாத பையனை முன்னால் நிறுத்தி, என் பெண்ணின் கையை முறுக்கி வாங்கியிருக்கிறாள். போனைக்கூட எடுக்க விடவில்லை. ஆனால் சம்பந்தியிடம் போய்ச் சண்டை போட முடியாது. எங்களிடம் சம்பந்தி என்றால் கடவுளுக்கு அடுத்தபடி. என்ன கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது. முகம் சுளித்தால் அதன் வலி பெண்ணின் முதுகில் விழும். பேரும் வேண்டும், பெண்ணும் வேண்டும் என்று போனாள் அவள். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்று பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது.

ஷாரிபா வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வாங்க சம்பந்தி, வாங்க! சொல்லிட்டு வரக் கூடாதா, ஒரு ஆட்டையாவது அறுத்திருப்பேனே!" இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கதவுக்கு நேர் எதிரே, பெரிய மனிதர்களுக்கென்று இருக்கிற இடத்தில், மெத்தைமேல் மெத்தை போட்டு உட்கார வைத்தாள். விரிப்பில் பூர்சோக் பணியாரத்தைக் கொட்டினாள். பாலாடை, தேன், சர்க்கரைப் பாதாம் என்று நிரப்பினாள். வெண்ணெய்க்கட்டியாய்ப் பேசி ஆளை விழுங்குகிறவள் என்று அனார்குல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெகாயிம் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்து, குனிந்து சலாம் சொல்லிவிட்டுத் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளுக்கு உரிய இடம் அது. குவளையில் பாதிக்குமேல் ஊற்றாமல், குடிக்கக் குடிக்க ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்க்கும் அப்படித்தான் ஊற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க மனசு யாருக்கு வரும் சம்பந்தி?" என்று ஷாரிபா ஆரம்பித்தாள். "நேத்து ராத்திரிதான் எர்மெக் சொன்னான். இத்தனை வருஷம் கட்டிக் காத்த தொழில மாப்பிள்ளைக்குன்னு தூக்கிக் குடுத்துட்டீங்களாமே! வேற யாரு குடுப்பா? அன்னிக்குப் பெட்டியப் பாத்துட்டு நான் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். இப்ப என் முகத்தை எங்க வெச்சுக்கறது? உங்களுக்குன்னு காலையிலேயே கடைக்கு ஆள் அனுப்பி ஒரு அங்கி எடுத்து வெச்சிருக்கேன். இருங்க, கொண்டாறேன்."

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

அனார்குல்லுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. நான் மனமுவந்து கொடுத்ததாக இவர்களிடம் சொன்னது யார்? அந்த வாயை அவளே பெற்றிருக்கிறாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தது வேறு யாரையோ.

"பெகாயிம்."

"மெதுவாப் பேசுங்க."

"உன் பாஸ்வேர்டை யாராவது எடுத்துட்டாங்களாடி?" கடைசியாக ஒரு தடவை அவளுக்கு வழி விட்டுப் பார்த்தாள் தாய்.

"இல்ல. நான்தான் எடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யல. அவருகிட்டகூட, நீங்களே குடுத்துட்டீங்க, பழைய பிரதி சரியில்லைன்னுதான் சொல்லியிருக்கேன்." பெகாயிம் பானையின் மூடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "குடுத்தது நீங்கதானே? இதுதான் உன் சீதனம்னு சொன்னீங்கல்ல. சீதனத்தை எடுத்துக்கறதுக்கு யாருகிட்டம்மா அனுமதி கேக்கணும்?"

"எனக்கு அப்புறம்னுதானேடி குடுத்தேன்."

"இந்த வீட்டுல ரெண்டு வருஷமா மாட்டுக்குத் தண்ணி காட்டறேன். காலையில எல்லாருக்கும் முன்னாடி எழுந்திரிக்கறேன். பாதிப் பெட்டியோட வந்தவள்னு ஒவ்வொரு விருந்துலயும் எவளாவது ஒருத்தி சிரிக்கறா. உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா? நீங்க நூலகத்துக்கு ஓசியில போட்டுக் குடுப்பீங்க, நான் இங்க சாணி அள்ளணுமா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்டீங்க."

குடுத்திருப்பாளா? அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அது இன்னும் கசந்தது.

"சரி, எடுத்துக்கிட்டே. போகட்டும். திருட்டுச் சரக்குன்னு ஏண்டி எழுதுனே? உன் அம்மா திருடின்னு ஊருக்கே ஏண்டி எழுதி அனுப்புனே?"

"வேற எப்படி எழுதறது?" பெகாயிம் நிதானமாகக் கேட்டாள். "அப்படி எழுதாட்டி உங்களை விட்டுட்டு ஒருத்தனும் வர மாட்டான். அவ்வளவு நம்பறாங்க உங்களை."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? நெஞ்சில் கத்தியைச் செருகிவிட்டு, நல்ல நெஞ்சு என்று சொல்கிறாள் பாவி. அனார்குல்லின் கையிலிருந்த பூர்சோக் பொடிந்து விரிப்பில் கொட்டியது. பெகாயிம் பழக்கத்தில் அதைத் துடைத்து எடுத்தாள்.

"நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க. சொன்னா இங்க என் கதி என்னன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

ஷாரிபா அங்கியோடு வந்தாள். கருநீல வெல்வெட்டு, ஓரமெல்லாம் பொன்னூல் வேலை. சம்பந்திக்கு அங்கி போர்த்துவது சாதாரண விஷயம் இல்லை. வாங்கிக்கொண்டால் நீயும் நானும் ஒன்று என்று அர்த்தம். மறுத்தால் உறவையே அறுத்தமாதிரி. அனார்குல் எழுந்து நின்றாள். ஷாரிபா தோளில் போர்த்தி, பொத்தானைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, "அளவெடுத்த மாதிரி இருக்கு!" என்று தட்டிக்கொடுத்தாள். செய்யாத தானத்துக்கு மரியாதை. அனார்குல்லுக்கு உடம்பு கூசியது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஜோல்தோஷ். அவனுக்கு மெதுவாகப் பேச வராது; கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். போனைக் காதில் வைத்தாலும் அறை முழுக்கக் கேட்டது.

"எஜே, உங்க மாப்பிள்ளை இங்க வந்து நிக்கறாரு. அசலைப் போட்டுடட்டுமாங்கறாரு. லாரிக்காரன் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டான். நான் போட்டுக்கறேன், அது வேற. ஆனா எனக்கு உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை வேணும். இத்தனை வருஷம் எனக்குப் போட்டது திருட்டா, இல்லையா? திருட்டுன்னாலும் சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஷாரிபா புருவத்தைச் சுருக்கினாள். என்ன திருட்டு, யார் பேசுவது என்று புரியாமல் சம்பந்தியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெகாயிம் அப்போதுதான் முதல்முறையாகத் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கொஞ்சம் பயம் இருந்திருந்தால், கொஞ்சம் கெஞ்சல் இருந்திருந்தால், அனார்குல் பொய் சொல்லியிருப்பாள். ஆமாம்ப்பா, திருட்டுச் சரக்குதான், என்னை மன்னிச்சுடு என்று சொல்லிவிட்டு, பேரையும் கடையையும் ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பாள். பயம் இல்லை. அம்மா விழுங்கிக்கொள்வாள் என்ற நிச்சயம்தான் இருந்தது. சின்ன வயதில் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு, அம்மா தன் பங்கையும் கொண்டுவருவாள் என்று உட்கார்ந்திருப்பாளே, அதே நிச்சயம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"திருட்டு இல்ல ஜோல்தோஷ்" என்றாள். "ஒவ்வொரு வருஷமும் சந்தா கட்டின நல்ல சரக்கு. கணக்கை எடுத்தது என் பொண்ணு பெகாயிம். அந்தப் பொய்யை எழுதி அனுப்புனதும் அவதான். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, அவரைத் திட்டாத. லாரியை அனுப்பணும்ல, இன்னிக்கு அவரையே போடச் சொல்லு."

"சரிங்க எஜே" என்று மட்டும், ஜோல்தோஷ் முதல்முறையாக மெதுவான குரலில் சொன்னான்.

ஷாரிபா கத்துவாள் என்று அனார்குல் நினைத்தாள். அவள் கத்தவில்லை. விரிப்பைச் சுற்றிக்கொண்டு போய் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "குடு இங்க" என்று கையை நீட்டினாள்.

"நான் ஊத்தறேன் அத்தை."

"குடு."

பானையை வாங்கினாள். மருமகள் உட்கார்ந்திருக்கும்போது மாமியார் தன் கையால் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவதை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். மருமகளை அடித்து வெளியே தள்ளினால்கூட அக்கம்பக்கத்தார் நாலு நாளில் மறந்துவிடுவார்கள். இதை மறக்க மாட்டார்கள். ஷாரிபா பாதிக் குவளை ஊற்றி, இரண்டு கையாலும் அனார்குல்லிடம் நீட்டி, "குடிங்க சம்பந்தி" என்றாள். அவளுக்கும் அழுகையாய் வந்தது, ஆனால் மருமகள் முன்னால் அழக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெகாயிம் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

அனார்குல் குடித்தாள். குடிக்காமல் எழுந்தால் அந்தப் பொம்பளைக்கும் சேர்த்து அவமானம். அங்கியைக் கழற்றப் போனபோது ஷாரிபா கையைப் பிடித்துக்கொண்டாள். "அதைக் கழட்டாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்." அதனால் அங்கியோடே வெளியே வந்தாள்.

வேலிக் கதவைத் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பெகாயிம் தலைத்துணி அவிழ்ந்து தொங்க ஓடிவந்தாள்.

"இப்ப சந்தோஷமா? பெத்த பொண்ணை நடுவீட்டுல வெச்சுக் காட்டிக் குடுத்துட்டீங்க. நாளையிலேருந்து நான் இந்த வீட்டுல எப்படி நடமாடறது? உங்க பேரு உங்களுக்கு அவ்வளவு பெருசாப் போச்சா?"

அனார்குல் பெண்ணை நன்றாகப் பார்த்தாள். மூக்கு அவளுடைய மூக்கு. கோபம் வந்தால் இடது பக்கம் ஏறுகிற புருவமும் அவளுடையதுதான்.

"பேருக்காகச் சொல்லலடி. உனக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அனார்குல் திரும்பி, தார்ப்பாய்களில் காய்ந்துகொண்டிருந்த பீன்ஸை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, டாக்சி நிற்கிற இடத்துக்குப் போனாள். டிரைவர் அங்கியைப் பார்த்துவிட்டு, "ஓ, சம்பந்தி வீட்டு விருந்தா எஜே? பலமான மரியாதைதான் போலிருக்கே!" என்றான்.

"ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.